‘எல்லாம் இப்படித்தான்’ என்று சொல்லத் தொடங்கிவிட்ட கிறிஸ்தவர்களுக்கு

சேகரத்துக் கணக்கு, அதாவது சபையின் வரவுசெலவு, ஏன் இப்படி இடிக்கிறது என்று ஒருவர் கேட்கிறார். திருவிழாத் தேர் எல்லாத் தெருவுக்கும் போகிறதே, எங்கள் தெருவுக்கு மட்டும் ஏன் வருவதில்லை என்று இன்னொருவர் கேட்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: "உங்களுக்குள்ளே கசப்பின் வேர் வந்துவிட்டது, ஜெபம் பண்ணுங்க." சரி, அது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தில், இதே கேள்விகளை வருஷக்கணக்கில் கேட்டு ஓய்ந்துபோன ஒருவர் கடைசி பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார். புதிதாக ஒரு பையன் எழுந்து பேசினால் "எத்தனை நாளைக்குன்னு பார்ப்போம்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிச் சிரிக்கிறார், அதற்கு அனுபவம் என்று பெயரும் வைத்திருக்கிறார். கேள்வி கேட்பவரைக் கசந்துபோனவர் என்கிறோம், உண்மையிலேயே கசந்துபோனவரை விவரமானவர் என்கிறோம். இந்தக் குழப்பத்தில்தான் அநீதியை எதிர்த்துப் பேச வருகிற பலர் ஒன்று வாயை மூடிக்கொள்கிறார்கள், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் நக்கலடிக்கிறவர்களாக மாறிவிடுகிறார்கள்.

கடைசி பெஞ்சுக்காரரின் அந்தக் கசப்பைத்தான் இங்கே அவநம்பிக்கை என்கிறேன். இறையியல் படித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

## கோபம் வேறு, சந்தேகம் வேறு, இது வேறு

அநீதியைப் பார்த்தால் கோபம் வரும். வராவிட்டால்தான் யோசிக்க வேண்டும். கோபப்படுகிறவர் "இப்படி நடந்திருக்கக் கூடாது" என்கிறார், அப்படியென்றால் சரியான ஒன்று இருக்கிறது, அது நடக்க வேண்டும் என்கிற எதிர்பார்ப்பு அவருக்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது. சந்தேகப்படுகிறவர் "ரசீதைக் காட்டுங்கள், அப்புறம் நம்புகிறேன்" என்கிறார். காட்டினால் நம்பிவிடுவார். நல்ல பழக்கம், பொருளாளர்களுக்குப் பிடிக்காது என்பது வேறு விஷயம்.

அவநம்பிக்கை என்று நான் இங்கே சொல்வது இதையெல்லாம் தாண்டிய ஒரு நிலை. நல்லது செய்கிற யாருக்கும் உள்ளுக்குள் ஏதோ ஆதாயம் இருக்கும், யார் என்ன செய்தாலும் எதுவும் மாறாது என்று ஆளையும் பார்க்காமல் ஆதாரத்தையும் பார்க்காமல் முன்கூட்டியே முடிவுகட்டி வைத்திருப்பது. இவரிடம் ரசீதைக் காட்டினால் "ரசீது அடிக்க எவ்வளவு நேரமாகும்" என்பார். காட்டாவிட்டால் "நான்தான் அப்போதே சொன்னேனே" என்பார். எது நடந்தாலும் ஜெயிப்பது அவர்தான்.

வேதாகமத்தில் இதற்கு ஒரு முகம் உண்டு, பிலாத்து. "சத்தியமாவது என்ன" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் வெளியே போகிறான் (யோவான் 18:38). எதிரே நிற்பவரிடம் குற்றமில்லை என்று அவனுக்குத் தெரியும், ஜனங்களிடம் அதை வாய்விட்டும் சொல்கிறான், ஆனாலும் ஒப்புக்கொடுத்துவிடுகிறான். விடுதலை செய்கிற அதிகாரம் அவன் கையில்தான் இருந்தது. அவநம்பிக்கை தோற்றுப்போனவர்களுக்கு வருகிற நோய் என்று நினைத்துக்கொள்கிறோம், பதவியில் இருப்பவர்களுக்கும் அது நன்றாகவே பொருந்திப்போகும், ஏனென்றால் எதற்கும் அர்த்தமில்லை என்று ஆகிவிட்டால் கையைக் கழுவிக்கொண்டு போய்விடலாம்.

அதற்காக அப்பாவியாக இருங்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஏழைகள் ஒடுக்கப்படுவதையும் நியாயம் புரட்டப்படுவதையும் கண்டால் ஆச்சரியப்படாதே என்று பிரசங்கி 5:8 வெளிப்படையாகவே சொல்கிறது, காரணமும் சொல்கிறது: அதிகாரிக்கு மேல் அதிகாரி, அவனுக்கும் மேலே இன்னொருவன். தாலுகா ஆபீஸுக்கு நடந்தவர்களுக்கு இந்த வசனத்துக்குப் பிரசங்கம் தேவைப்படாது. எருசலேமில் பலர் தம்மை விசுவாசித்தபோதும் இயேசு அவர்களை நம்பி இணங்கவில்லை, மனுஷருக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும் என்கிறது யோவான் 2:24, 25. அவ்வளவு தெரிந்திருந்தும் அவர் மனுஷரோடுதான் கடைசி வரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இதுவரை சொன்னது: கோபத்திலும் சந்தேகத்திலும் எதிர்பார்ப்பு மிச்சமிருக்கிறது. அவநம்பிக்கையில் அது இல்லை. உலகம் கெட்டது என்று தெரிந்துகொள்வது அவநம்பிக்கை ஆகாது.

## உள்ளே என்ன நடக்கிறது

வீட்டு மீட்டர் பெட்டியில் எம்சிபி சுவிட்ச் இருக்கும். அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் அது ட்ரிப் ஆகிவிடும், வயரிங் எரியாமல் தப்பும். அது அதன் வேலை, தப்பு சொல்ல முடியாது. ஆனால் ட்ரிப் ஆன சுவிட்சைத் திரும்ப ஏற்றிவிடாமல் இருட்டில் உட்கார்ந்துகொண்டு "இந்த ஊரில் கரண்ட்டே கிடையாது" என்று ஒருவர் சொல்ல ஆரம்பித்தால்?

மனசுக்குள்ளும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. ஒருவர் ஒரு அநீதியைப் பார்க்கிறார், கொதிக்கிறார், இறங்கி வேலை செய்கிறார். கூட நிற்பதாகச் சொன்ன நாலு பேர் கூட்டத்தன்று வரவில்லை, பேசுகிறேன் என்று வாக்குக் கொடுத்த குருவானவர் மாற்றலாகிப் போய்விட்டார், புகார்க் கடிதத்துக்குப் பதிலே இல்லை. வலிக்கிறது. அடுத்த முறை அதே வலி வரக் கூடாது என்பதற்காக மனசு எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறது. இது வரைக்கும் தற்காப்புதான், யாருக்கும் நடக்கிறது.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. "இந்தக் குருவானவர் கைவிட்டார்" என்பது மெல்ல "குருவானவர்களே இப்படித்தான்" என்று விரிகிறது, பிறகு சபையே இப்படித்தான், பிறகு மனுஷனே இப்படித்தான். ஒரு ஆளைப் பற்றிய உண்மை உலகத்தைப் பற்றிய சட்டமாகிவிடுகிறது. அந்தச் சட்டம் வந்த பிறகு புதிதாக எதையும் முயற்சி செய்ய வேண்டியதில்லை, முயற்சி செய்யாததால் எதுவும் மாறுவதில்லை, எதுவும் மாறாததே சட்டத்துக்கு ஆதாரமாகிவிடுகிறது. ஒரு சுற்று முடிந்தது. இந்தச் சுற்றினால் லாபமடைவது யார் என்று பார்த்தால், முதலில் அநீதி செய்தவர்தான், அவரைத் தட்டிக்கேட்க இப்போது ஆள் இல்லை. அவநம்பிக்கைக்காரர் அதிகாரத்தில் இருப்பவர்களைத் திட்டிக்கொண்டே இருப்பார், அவர்களுக்கோ அவரால் ஒரு தொந்தரவும் இருக்காது. எனக்கு இதில் எரிச்சலூட்டுவதே இதுதான்.

சுருக்கமாக: காயம், தற்காப்பு, பிறகு அதைப் பொதுச் சட்டமாக்குவது, அதனால் ஒதுங்குவது, ஒதுங்கியதே சட்டத்துக்குச் சாட்சியாவது. எங்கேயாவது ஓர் இடத்தில் இந்தச் சுற்றை அறுக்க வேண்டும்.

## வடக்கன்குளத்துச் சுவரை எப்படிப் படிப்பது

திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில்தான் தேவசகாயம் 1745-இல் ஞானஸ்நானம் பெற்றார். திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்தவர், சாதி பார்க்காமல் எல்லாரோடும் கலந்து பழகினார், 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த அதே ஊரில் 1872-இல் ஒரு கோவில் எழுந்தது. பீடம் ஒன்று, ஆனால் அதிலிருந்து இரண்டு கைகளாகப் பிரியும் கட்டடம், நடுவே சுவர். ஒரு பக்கம் பிள்ளைமாரும் அவர்களோடு சேர்ந்தவர்களும், மறுபக்கம் நாடார்கள். ஒரே பூசை, ஒரே நற்கருணை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

இதைக் கேட்டதும் "பார்த்தீங்களா, கிறிஸ்தவமாவது மண்ணாவது" என்று சொல்லத் தோன்றும். நியாயமான கோபம். கதை அதோடு முடியவில்லை. 1910-இல் கௌசானல் என்கிற பிரெஞ்சு இயேசு சபைக் குரு அந்தச் சுவரை இடித்தார். பிள்ளைமார் வழக்குப் போட்டார்கள், அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது, கோவிலுக்குள் சாதிக்கென்று தனி இடம் கேட்க உரிமையில்லை என்று தீர்ப்பானது.

அவநம்பிக்கை இங்கேயும் விடாது. "நாடார்கள் எண்ணிக்கையிலும் காசிலும் வளர்ந்துவிட்டார்கள், அதனால்தான் சாமியார் இடித்தார்" என்று ஒரு விளக்கம் தயாராக இருக்கும். இருக்கட்டும், அதில் கொஞ்சம் உண்மை இருக்கவும் வாய்ப்புண்டு. ஆனால் நல்ல காரியங்கள் சுத்தமான நோக்கத்தில் மட்டுமே நடக்கும் என்று கிறிஸ்தவம் எப்போது சொன்னது? எல்லாரும் பாவிகள் என்று ஞாயிறு தவறாமல் அறிக்கை செய்கிறவர்கள் நாம். அந்த நம்பிக்கையை ஒழுங்காக எடுத்துக்கொண்டால், நோக்கங்கள் கலப்படமாக இருப்பதைக் கண்டு அதிர்ச்சி வரக் கூடாது, என்னுடைய நோக்கமும் கலப்படம்தான் என்பதும் சேர்ந்தே நினைவுக்கு வர வேண்டும். அவநம்பிக்கைக்காரர் பாவத்தைப் பற்றி அதிகமாகத் தெரிந்தவர்போலத் தோன்றுவார். பாதிதான் தெரிந்திருக்கிறார், ஏனென்றால் அவருடைய பட்டியலில் ஒரு பெயர் எப்போதும் விடுபட்டிருக்கும்.

சுவர் கட்டியவர்கள் பக்கமும் இதையே செய்து பார்க்கலாம். அவர்கள் ராட்சதர்கள் இல்லை. ஓயாத சாதிச் சண்டைக்கு நடுவே இரண்டு தரப்பையும் ஒரே கோவிலுக்குள் வைத்திருக்க ஒரு சமரசம் தேடியவர்கள். அந்தச் சமரசம்தான் அநீதியைக் கல்லும் சுண்ணாம்புமாக நிற்க வைத்தது. தீமை பெரும்பாலும் இப்படி, கமிட்டித் தீர்மானமாகத்தான் வருகிறது. இது தெரிந்தால் எந்தத் தீர்மானத்தை எந்தக் கூட்டத்தில் எதிர்க்க வேண்டும் என்று யோசிக்க முடியும். "எல்லாரும் திருடர்கள்" என்று வைத்துக்கொண்டால் யோசிக்க எதுவும் இல்லை.

மறுபக்கத்து ஏமாற்றும் உண்டு, "சுவர் 1910-லேயே போய்விட்டதே, பழைய கதையை ஏன் கிளறுகிறீர்கள்" என்பது. அதுவும் பொய்தான். கல்லறைத் தோட்டத்துக்குள் சாதிச் சுவர் எழுப்பிய ஊர்கள் இருக்கின்றன. அதற்கும் முன்னால், 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் ஆங்கிலிக்கன் சபைகளுக்குள் சாதி உடனடியாகவும் முழுமையாகவும் ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார், தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சாதியை வைத்துக்கொண்டு சபையை விட்டார்கள். வடக்கன்குளத்தில் விழுந்தது பிள்ளைமாருக்கும் நாடார்களுக்கும் நடுவே நின்ற சுவர், தலித் கிறிஸ்தவர்களின் கணக்கு இன்னும் திறந்தே கிடக்கிறது. 2022-இல் வத்திக்கான் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது ‘பிள்ளை’ என்கிற ஒட்டு இல்லாமல் கொடுத்தது, அதுவும் இங்கிருந்து சிலர் விடாமல் எழுதிக் கேட்ட பிறகு.

## புலம்பத் தெரிந்தவர்கள் கசந்துபோவதில்லை

சுற்றை எங்கே அறுப்பது என்ற கேள்விக்கு வேதாகமம் காட்டும் முதல் இடம் நமக்கே கொஞ்சம் சங்கடமானது. புலம்பல் என்பது கடவுளிடம் நேருக்கு நேர் முறையிடுவது, குற்றம்சாட்டுவது உட்பட. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிறது 13-ஆம் சங்கீதம். கொடுமையைப் பார்த்துக்கொண்டு ஏன் சும்மா இருக்கிறீர் என்று ஆபகூக் முதல் அதிகாரத்திலேயே கடவுளைக் கேட்டுவிடுகிறார். சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த ரகம். 88-ஆம் சங்கீதம் கடைசி வரை வெளிச்சமே வராமல் முடிகிறது. அதை யாரும் பிரேமில் போட்டு வீட்டில் மாட்டுவதில்லை, புத்தாண்டு வாக்குத்தத்தக் கார்டில் அச்சடிப்பதும் இல்லை.

முறையிடுகிறவருக்கும் அவநம்பிக்கைக்காரருக்கும் தெரிந்த தகவல் ஒன்றேதான். முறையிடுகிறவர் ஒருவரை நோக்கிப் பேசுகிறார், கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார், அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று நினைக்கிறார். அவநம்பிக்கைக்காரர் யாரையும் நோக்கிப் பேசுவதில்லை, பக்கத்து பெஞ்சுக்காரரிடம் கமெண்ட் அடிக்கிறார். அவர் முறையிடுவதை நிறுத்திய நாளில்தான் அவநம்பிக்கை தொடங்கியிருக்கும்.

இதனால்தான் "குறை சொல்லாதீங்க, ஸ்தோத்திரம் மட்டும் சொல்லுங்க" என்கிற போதனை ஆபத்தானது என்று நினைக்கிறேன். கசப்பைத் தடுக்கிறோம் என்று எண்ணிக்கொண்டு, கசப்பு வெளியேறுகிற ஒரே வாசலை அடைத்துவிடுகிறார்கள். வாயை மூடிக்கொண்டவர் சமாதானமாகிவிடவில்லை, கடைசி பெஞ்சுக்குப் போகிறார், அவ்வளவுதான்.

பொது வாழ்க்கையிலும் இதற்கு ஒரு வடிவம் இருக்கிறது. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி என்கிற தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். ஆகஸ்ட் 10-ஐத் தலித் கிறிஸ்தவர்கள் கருப்பு நாளாக அனுசரிக்கிறார்கள். "இத்தனை வருஷம் கொடி பிடித்து என்ன கிடைத்தது" என்று கேட்பது சுலபம். கொடி பிடிப்பவர்களுக்கும் அந்தக் கணக்கு தெரியும். லூக்கா 18-இல் அநீதியுள்ள நியாயாதிபதியிடம் போய்க்கொண்டே இருந்த விதவைக்கு அவன் எப்படிப்பட்டவன் என்று தெரியாதா என்ன? தெரியும், அதனால்தான் ஒருமுறை கேட்டுவிட்டு வீட்டில் இருந்துவிடவில்லை.

இங்கே நம்பிக்கை என்கிற சொல்லையும் ஒருமுறை வரையறுத்துவிடலாம். சீக்கிரம் எல்லாம் சரியாகிவிடும் என்கிற கணிப்பு நம்பிக்கை ஆகாது, அது வானிலை அறிக்கை மாதிரி, தப்பிப்போனால் மனசு உடையும். கடைசித் தீர்ப்பு இன்னும் எழுதப்படவில்லை, அதை எழுதப் போகிறவர் நீதியுள்ளவர் என்று பிடித்துக்கொண்டு இன்றைய வேலையைச் செய்வதுதான் கிறிஸ்தவ நம்பிக்கை. வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையாமலே, தூரத்திலிருந்து கண்டு மரித்தவர்கள் என்றுதான் எபிரெயர் 11 விசுவாச வீரர்களை அறிமுகப்படுத்துகிறது.

இந்தப் பகுதியில் எடுத்துக்கொள்ள வேண்டியது: முறையீடு அவநம்பிக்கையின் அறிகுறி ஆகாது, அதற்கு மருந்து. நம்பிக்கைக்குத் தேதி கிடையாது.

## எலியாவுக்குக் கிடைத்த அடையும் தண்ணீரும்

ஒதுங்கிப்போனவர் ஒருவரைக் கடவுள் எப்படித் திருப்பிக் கொண்டுவந்தார் என்பதற்கு 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம் இருக்கிறது. யேசபேலுக்குப் பயந்து ஓடிய எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாகக் கேட்கிறார். தூதன் வருகிறான், வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொள்கிறார், தூதன் மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். போராட்டத்தில் இருப்பவர்களின் பாதிக் கசப்பு தூக்கமின்மை என்பதைச் சொன்னால் ஆன்மீகமாகத் தெரியாது, ஆனால் தூதனுக்கே அதுதான் முதலில் தோன்றியிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் பேச்சு. "நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்று எலியா இரண்டு முறை சொல்கிறார். அவநம்பிக்கையின் மையமான பொய் இதுதான்: நான் மட்டும்தான் சரியானவன். அதைக் கடவுள் வாதாடி உடைக்கவில்லை. ஆசகேலுக்கும் யெகூவுக்கும் எலிசாவுக்கும் அபிஷேகம் பண்ணு என்று மூன்று பெயரும் போக வேண்டிய வழியும் கொடுக்கிறார், கடைசியில் பாகாலுக்கு முடங்காத ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்கிறார். அந்த ஏழாயிரத்தில் ஒருவரையும் எலியாவுக்குத் தெரிந்திருக்கவில்லை என்று தோன்றுகிறது. அவர்கள் மேடையில் ஏறாதவர்கள்.

திருச்சி விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடியினரின் உரிமைகளுக்காக உழைத்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சாமி அடிகளார் 2020 அக்டோபரில் ராஞ்சியில் கைதானபோது அவருக்கு வயது 83, பார்க்கின்சன் நோயால் டம்ளரைக்கூட நிலையாகப் பிடிக்க முடியாது, உறிஞ்சிக் குடிக்கும் கோப்பைக்காக நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில் இறந்தார். இதைவிட அவநம்பிக்கைக்குக் காரணம் வேண்டுமா? ஆனால் மும்பை அருகே தலோஜா சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில், மிகவும் ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்த சக கைதிகள் தன் துணியைத் துவைத்துக் கொடுப்பதையும் முழங்காலைப் பிடித்துவிடுவதையும் சொல்லி, அவர்களுக்காக ஜெபிக்கக் கேட்டுக்கொண்டு, இத்தனைக்கு நடுவிலும் இங்கே மனிதம் பொங்குகிறது என்கிறார். அவர் அமைப்பை நல்லது என்று சொல்லவில்லை, குற்றச்சாட்டு என்னவென்றே தெரியாமல் உள்ளே கிடக்கும் ஏழை விசாரணைக் கைதிகளைப் பற்றியும் எழுதினார். இரண்டையும் பார்க்க அவருக்குக் கண் இருந்தது.

## சபையை விட்டு விலகினால் அது அவநம்பிக்கையா?

கட்டாயம் இல்லை. அடிபட்ட இடத்திலேயே இருந்து அடிபட வேண்டும் என்று யாரையும் சொல்ல முடியாது, சிலருக்கு விலகுவதுதான் நேர்மை. உள்ளேயே இருந்துகொண்டு முழுக்க அவநம்பிக்கையில் ஊறிப்போனவர்களும் உண்டு, சிலர் கமிட்டியிலேயே இருக்கிறார்கள். எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி, உங்கள் மனசை மாற்றக்கூடிய விஷயம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது. "வெளி ஆடிட்டர் பார்த்த கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் நம்புவேன்", "அடுத்த திருவிழாவுக்குத் தேர் எங்கள் தெரு வழியாக வந்தால் வரி கொடுப்பேன்" என்று திட்டமாக ஒன்று சொல்ல முடிந்தால் நீங்கள் கோபத்தில் இருக்கிறீர்கள், சந்தேகத்தில் இருக்கிறீர்கள், பயப்பட ஒன்றுமில்லை. எதுவுமே வாயில் வராவிட்டால் சுவிட்ச் ட்ரிப் ஆகிக் கிடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது இருக்கிற அத்தனை அநீதியையும் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். ஒரே ஒரு கோரிக்கையை ஒரு தாளில் தேதி போட்டு எழுதி, உங்களைப்போலவே எரிச்சலில் இருக்கும் இன்னும் ஒருவரிடமாவது கையெழுத்து வாங்கி, குருவானவரிடமோ செயலரிடமோ நேரில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கடிதத்தில் முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிடலாம்.